பதினெட்டு மூடிகளும் ஒரு தட்டுக் கற்பூரமும்

எங்கள் கம்பெனியில் கோல்ஃப் விளையாட்டைப் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. மேனேஜர் மட்டும் தான் பார்த்திருப்பதாகச் சொல்லிக்கொள்வார். அதைக் குதிரை மேல் உட்கார்ந்து ஆடுவார்கள் என்று அவர் ஒருநாள் விளக்கினார். நாங்களும் நம்பினோம். வெகு காலம் கழித்து டிவியில் பார்த்தபோது ஒரு குதிரையும் காணோம். இருந்தாலும் எங்களிடம் கோல்ஃப் வண்டி ஒன்று இருந்தது.

பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்தத் தோல் கம்பெனி. பின்பக்கம் தோல் பதப்படுத்துவார்கள், முன்பக்கம் ஷூவின் மேல்பாகம் தைப்பார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டு ஆட்கள் ஆர்டர் கொடுப்பதற்கு முன் நேரில் வந்து பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்களை நடக்கவிடுவது மரியாதை இல்லை என்று மேனேஜருக்குத் தோன்றியது. ஏதோ ஒரு கிளப் கழித்துப் போட்ட பேட்டரி வண்டியை முதலாளி வாங்கிக் கொடுத்தார். மேனேஜர் அதற்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கச் சொல்லி, கூரையைச் சுற்றிச் சிவப்பு ஜாலர் தைத்துத் தொங்கவிடச் சொன்னார். எல்லாம் முடிந்து வெயிலில் நிறுத்தியபோது மாப்பிள்ளை ஓடிப்போன ஊர்வல வண்டி மாதிரி இருந்தது.

வெள்ளைக்காரர்களின் மூக்கைக் காப்பாற்றத்தான் இத்தனையும். பச்சைத் தோல் கிடங்கைத் தாண்டி நடந்துபோனால் நாலு நிமிடம் நாறும். வண்டியில் போனால் ஏழு நிமிடம் நாறியது. மெதுவாக ஓட்டினால்தான் கௌரவம் என்று மேனேஜர் உத்தரவு போட்டிருந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஜாலருக்குக் கீழே உட்கார்ந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும்.

வண்டிக்குப் போட்ட டிரைவர் முன்னால் லாரி ஓட்டியவர். அவருக்கு அது பெரிய இறக்கம்.

"இன்னாக்கா வண்டி இது? கியர் இல்ல, சத்தம் இல்ல, ஓடிகினு கீதா நின்னுகினு கீதான்னே தெரில. பொம்மை வண்டில குந்திகினு போறேன்னு வூட்ல எப்டி சொல்றது?" என்பார். பிறகு பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ரப்பர் ஹாரன் ஒன்றைப் பிடித்து வந்து மாட்டிக்கொண்டார். அதை அமுக்கினால் ஆடு தும்முவது போல ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகுதான் அவர் முகத்தில் கொஞ்சம் களை வந்தது.

வண்டியின் சீட்டைத் தூக்கினால் உள்ளே ஆறு கறுப்புப் பெட்டிகள். ஒவ்வொரு பேட்டரிக்கும் மூன்று மூடி, ஆகப் பதினெட்டு. அதற்குள் அளவு பார்த்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எலக்ட்ரீஷியன் ஆசிட் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். மேனேஜர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"தண்ணி ஊத்துற வேலைதானே? அதுக்கு எதுக்கு எலக்ட்ரீஷியன்? ஸ்டோர்ஸ்ல அந்தப் பொண்ணு இருக்கே, அது ஊத்தட்டும்."

அந்தப் பொண்ணு நான்தான். அப்போது எனக்கு முப்பது வயது முடியப்போகிற நேரம். பத்தாவது வரை படித்தவள். தாம்பரத்திலிருந்து ரயிலில் வந்து போவேன். எனக்கிருந்த ஒரே பிரச்சினை, நாலு பேர் பார்த்தால் குரல் தொண்டையிலிருந்து கீழே இறங்கிவிடும். ஒருநாள் ரயிலில் வாசலை அடைத்துக்கொண்டு நின்ற கும்பலிடம் "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்ல முடியாமல், பல்லாவரத்தில் இறங்க வேண்டியவள் மீனம்பாக்கம் வரை போய்த் திரும்பி வந்தேன். லேட்டாக வந்ததற்குக் காரணம் கேட்டார்கள். அதையும் சொல்லவில்லை.

மேனேஜருக்கு என்னைப் பிடித்துப்போனதே அதனால்தான். "அந்தப் பொண்ணு எதுத்துப் பேசாது" என்று என் எதிரிலேயே மற்றவர்களிடம் சர்டிபிகேட் கொடுப்பார். நான்கு வருடமாக நான் டெம்ப்ரவரி. சில மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் வேலையை நிறுத்திவிட்டு, புதிதாகச் சேர்ந்தவள் போல மறுபடி எடுத்துக்கொள்வார்கள். எனக்குப் பிறகு வந்த இரண்டு பேர் பெர்மனன்ட் ஆகிவிட்டார்கள். அவர்கள் மேனேஜர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள். எனக்கு அங்கேயும் போய் நிற்கக் கூச்சம். அந்த வருடம் ஆயுத பூஜை அன்று மூன்று பேரை பெர்மனன்ட் பண்ணப்போவதாகவும், அதில் என் பெயர் இருப்பதாகவும் மேனேஜரே சொன்னார். "இப்டியே இரு, போதும்" என்றும் சொன்னார். எப்படி என்று நான் கேட்கவில்லை. பேசாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதில் எனக்குக் கஷ்டம் எதுவும் இருக்காது என்றுதான் நானும் நினைத்தேன்.

வண்டியோடு ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வந்திருந்தது. பேட்டரியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று படம் போட்டு விளக்கியிருக்கும் என்று டிரைவர் சொன்னார். ஃபாரின் புத்தகம், அழுக்காகிவிடும் என்று மேனேஜர் அதைப் பிளாஸ்டிக் உறையோடு மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார். அதனால் நான் குரோம்பேட்டையில் இருந்த பேட்டரிக் கடையில் போய்ப் பாடம் கேட்க வேண்டியதாயிற்று. டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கப் போகும் சாக்கில் நிற்பேன். அந்தக் கடைக்காரர் லுங்கியில் ஆசிட் தின்ற ஓட்டைகளைத் தவிர வேறு டிசைன் இருக்காது. கேட்காமலே பேசுகிற ஆள். எனக்கு அப்படிப்பட்டவர்தான் வேண்டும்.

"சார்ஜ் ஏறி முடிஞ்சப்புறம் தண்ணி ஊத்தும்மா. முன்னாடி ஊத்தினா பொங்கி வழியும். குழாத் தண்ணி, போர் தண்ணி ஆகாது. நம்ம ஊர்ப் போர் தண்ணில தோலையே ஊறவைக்கலாம், அவ்ளோ உப்பு" என்றார். "சார்ஜ் ஏறச்சொல்ல மூடி மூடியே இருக்கணும், ஜன்னல் தொறந்தே இருக்கணும். உள்ள தகடு கொதிச்சு ஒரு கேஸ் வரும். அடுப்பு கேஸ் கணக்காத்தான். பீடிகூடப் பத்தவைக்கக் கூடாது. வெடிச்சா ஆசிட் மூஞ்சிலதான் அடிக்கும், கண்ணு போயிடும்."

பிறகு என் கழுத்தைப் பார்த்தார். "செயின் போட்டுகினு குனியாத. பேட்டரி முனை ரெண்டுலயும் பட்டுச்சுன்னா சங்கிலி பழுக்கக் காஞ்சுடும்."

தாலிச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் எங்கள் வீட்டில் என்னையே தலைமுழுகிவிடுவார்கள். அதனால் சங்கிலியை ரவிக்கைக்குள் திணித்து, முந்தானையை இழுத்துச் சுற்றி, ஊக்கு குத்திக்கொள்வேன். அந்த ஊக்கும் இரும்புதான் என்று யோசித்து அதை முதுகுப் பக்கம் மாற்றினேன். ஸ்பேனரின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவைத்தேன். முனைகளில் பூக்கிற வெள்ளைப் பொடிக்கு ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றித் தேய்ப்பேன். நுரைத்துக்கொண்டு போய்விடும். பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி நல்ல தண்ணீர் இருக்கும், கண்ணில் பட்டால் கழுவ. வெல்டிங் ஷெட்டில் கீறல் விழுந்த கண்ணாடி ஒன்று கிடந்தது, அதை மாட்டிக்கொள்வேன். இத்தனைக்கும் பிறகு நான் நிற்கிற கோலத்தைப் பார்த்து டிரைவர், "யக்கா, விண்வெளிக்குப் போறியா?" என்பார்.

புடவை மட்டும் தப்பவில்லை. ஆசிட் பட்டது அப்போது தெரியாது. துவைத்துக் கொடியில் போட்டதும் வரிசையாக ஓட்டைகள் தெரியும். மாமியார் அதை எலி என்றே முடிவு கட்டி, மாதக்கணக்கில் எலிப்பொறி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு எலியும் விழவில்லை. அதற்கும் எலியின் கெட்டிக்காரத்தனத்தையே காரணமாகச் சொன்னார்.

அந்தக் காலத்தில்தான் மினரல் வாட்டர் பாட்டில் வர ஆரம்பித்தது. வெள்ளைக்காரர்களுக்காகப் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருந்தார்கள். ஒருநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, நான் வைத்திருந்த டிஸ்டில்டு வாட்டர் கேனைக் காலால் தட்டிக் காட்டினார்.

"இது என்னம்மா, கேன்ல? மேல தூசி. வெள்ளைக்காரனே குடிக்கிற தண்ணி ஸ்டோர்ஸ்ல இருக்கு. அவன் வயித்துக்கு ஒத்துக்குது, இந்த பேட்டரிக்கு ஒத்துக்காதா? இனிமே அதைத்தான் ஊத்தணும்."

அந்தத் தண்ணீரில் இருக்கிற உப்பும் சத்தும்தான் பேட்டரியைக் கெடுக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. "சரி சார்" என்றேன். அன்றிலிருந்து, வண்டிக்கென்று எழுதி எடுத்த மினரல் வாட்டரைத் தையல் ஹாலில் இருந்த பெண்கள் குடித்தார்கள். பேட்டரிகள் வழக்கம் போல டிஸ்டில்டு வாட்டர் குடித்தன. காலி பாட்டில்களில் கேன் தண்ணீரை நிரப்பிக்கொண்டு போய், மேனேஜர் பார்க்கும்படி ஊற்றுவேன். ஸ்டோர்ஸ் சீட்டு எழுதுவது நான், படிக்காமல் கையெழுத்துப் போடுவது அவர். "பாத்தியா, வண்டி இப்போ எவ்ளோ ஸ்மூத்தா போகுது" என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வாய் திறக்காமலே எதையும் சமாளித்துவிடலாம் என்ற தெம்பு எனக்கு வந்தது அதனால்தான்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் முதலாளி முஸ்லிம். ஆனாலும் எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை ஒரு வருடம்கூட நின்றதில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார். எல்லாம் முடிந்ததும் பொரி கடலைப் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். பூஜை செய்வது மேனேஜர். அவருக்கு மந்திரம் தெரியாது, ஆனால் பட்டு வேட்டி இருந்தது.

அந்த வருடம் பூஜை முடிந்ததும் முதலாளியை வண்டியில் உட்காரவைத்து கம்பெனியைச் சுற்றி வரவேண்டும் என்று மேனேஜர் திட்டம் போட்டிருந்தார். காலையிலேயே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சார்ஜ் போடச் சொல்லியிருக்கிறார். நான் ஸ்டோர்ஸில் பொரிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியாது. பெண்களுக்குப் பொரி, ஆண்களுக்கு மின்சாரம் என்று வேலை பிரித்திருந்தார்கள். ஆசிட் பக்கமே வராத எலக்ட்ரீஷியன், அன்று மேனேஜர் சொல்லைத் தட்ட முடியாமல் வந்து, பேட்டரி நன்றாக மூச்சு விடட்டும் என்று பதினெட்டு மூடிகளையும் திறந்துவிட்டு, அதன் மேல் சீட்டை மூடி வைத்திருக்கிறான். வண்டிக்கு மாலை போட்டிருந்ததாலும், அலங்காரத்தை எல்லோர் முன்னிலையிலும் திறந்து காட்ட வேண்டும் என்பதாலும், ஷெட்டின் ஷட்டரையும் இறக்கிவிட்டார்கள். மத்தியானம் வரை சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது.

எல்லா மிஷினுக்கும் பூஜை முடிந்து கடைசியாக வண்டி ஷெட்டுக்கு வந்தோம். அறுபது பேர் இருப்போம். ஷட்டரைத் தூக்கினார்கள். புளித்த, மூக்கை அரிக்கிற ஒரு வாடை வந்தது. எனக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. வேறு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் நாலு பேராவது முகம் சுளித்து "என்ன நாற்றம்" என்று கேட்டிருப்பார்கள். பச்சைத் தோலுக்கு நடுவே வேலை செய்கிறவர்களுக்கு எந்த நாற்றமும் ஒரு செய்தி இல்லை.

மேனேஜர் ஷட்டர் ஓரமாக நின்று தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். காற்று வந்து அணைத்தது. மறுபடி ஏற்றினார். மறுபடி அணைந்தது.

"காத்து அடிக்குது. எல்லாரும் உள்ள வாங்க. ஷட்டரை இறக்கு" என்றார்.

இறக்கிவிட்டார்கள். உள்ளே குண்டு பல்பு வெளிச்சம். கூட்டத்தோடு நானும் உள்ளே தள்ளப்பட்டிருந்தேன். டிரைவர் புதுச் சட்டை போட்டு, நெற்றி நிறைய விபூதியோடு, மணமகன் போல வண்டியை ஒட்டி நின்றார். "சீட்டைத் தூக்குப்பா, இன்ஜினுக்குக் காட்ட வேணாமா?" என்றார் மேனேஜர். அந்த வண்டியில் இன்ஜின் என்பதே கிடையாது. டிரைவர் சீட்டைத் தூக்கினார். உள்ளேயிருந்து கலர் சோடா பாட்டிலை உடைத்ததும் வருகிற மாதிரி ஒரு இரைச்சல். பதினெட்டு வாய்களும் திறந்திருந்தன. டிரைவர் அதன் மேல் பக்தியோடு குனிந்து, ஒவ்வொரு பேட்டரிக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். அவர் முகம் அந்த வாய்களிலிருந்து ஒரு முழம்கூட இருக்காது.

மேனேஜர் மூன்றாவது முறையாகக் கற்பூரத்தை ஏற்றினார். இந்த முறை நன்றாகப் பிடித்துக்கொண்டது. மணி அடித்தார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.

"சார்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். பக்கத்தில் இருந்த தையல் பெண் திரும்பிப் பார்த்து, சாமி கும்பிடும்போது பேசாதே என்பது போல முறைத்தாள். தண்ணீர் வாளி கூட்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. பாட்டிலை மாற்றி வைப்பது போல மாற்றி வைக்க அங்கே ஒன்றும் இல்லை. மேனேஜரின் சட்டைப் பையில் மூன்று பெயர் எழுதிய காகிதம் இருப்பது மெல்லிய துணி வழியே தெரிந்தது. அதையும் பார்த்தேன், டிரைவர் குனிந்திருப்பதையும் பார்த்தேன்.

இரண்டு பேரை விலக்கிக்கொண்டு போய், தட்டின் முன்னால் நின்று, கற்பூரத்தை வாயால் ஊதி அணைத்தேன்.

காற்று இரண்டு முறை செய்ததைத்தான் நான் மூன்றாம் முறை செய்தேன். காற்றை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மணி நின்றது. அறுபது பேரும் என்னைப் பார்த்தார்கள். சாமிக்குக் காட்ட ஏற்றிய கற்பூரத்தை ஒரு பெண் வாயால் ஊதி அணைப்பதை அவர்கள் அதுவரை கண்டதில்லை. கெட்ட கனவில்கூட அப்படிக் கண்டிருக்க மாட்டார்கள்.

"என்ன காரியம்மா பண்ணினே?" என்றார் மேனேஜர்.

"கேஸ் இருக்கு சார்" என்றேன். எப்படியோ வந்துவிட்டது.

"எங்க? இங்க எங்க சிலிண்டர் இருக்கு?" என்று சுற்றிலும் காட்டினார். எல்லோரும் சுற்றிலும் பார்த்தார்கள். சிலிண்டர் இல்லை. அதற்கு மேல் எனக்குக் குரல் வரவில்லை.

ஷட்டரை மட்டும் தூக்குங்கள் என்று சைகை காட்டினேன். தூக்கினார்கள், என்னை வெளியே அனுப்ப.

டிரைவர்தான் அதிகமாகக் கோபப்பட்டார். "இன்னாக்கா நீ, எம் வண்டிக்குக் காட்டச்சொல்லதான் ஊதணுமா? தையல் மிஷினுக்குக் காட்டச்சொல்ல ஊதிக்கக் கூடாதா?" என்றார். அவர் இரண்டு கண்ணாலும் என்னை நன்றாக முறைத்தார். அந்தக் கண்களைப் பற்றி அவரிடம் அப்போது ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பரிகாரம் பேசினார்கள். எச்சில் காற்று பட்ட இடத்தில் மறுபடி பூஜை செய்தால் ஆகாது என்று முடிவானது. பிளக்கைப் பிடுங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நடு மைதானத்தில் நிறுத்தினார்கள். தீட்டு போகட்டும் என்று சீட்டைத் தூக்கியபடியே அரை மணி நேரம் விட்டார்கள். மஞ்சள் தண்ணீர் கரைத்தார்கள். நான் தூரத்தில் நின்றபடி டிரைவரிடம் மெதுவாக, "மூடிய எல்லாம் மூடிடுங்கண்ணா, மஞ்சத் தண்ணி உள்ள போயிடும்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே பதினெட்டையும் மூடினார். மூடிகளை மூடி, திறந்த வெளியில், காற்றில் வைத்து, சார்ஜரைக் கழற்றி என்று பேட்டரிக் கடைக்காரர் சொன்னது ஒன்றுவிடாமல் நடந்தது. பாதுகாப்புக்காக என்று சொல்லியிருந்தால் ஒருவனும் அசைந்திருக்க மாட்டான். தீட்டு என்றதும் ஓடி ஓடிச் செய்தார்கள்.

பலபேர் வளைத்து நின்று காற்றை மறைக்க, கற்பூரம் ஏற்றிக் காட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தியா? என்ன ஆச்சு? எங்க வெடிச்சுது?" என்று மேனேஜர் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். எனக்கு பதில் தெரியும். வெடித்திருந்தால் நான் கெட்டிக்காரி. வெடிக்கவில்லை, அதனால் பைத்தியக்காரி. பிறகு பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். பேனாவையும் எடுத்து ஒரு கோடு போட்டார். இரண்டு பெயர் படித்தார்.

வீட்டில் என் கணவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஊதியா அணைச்சே? கையால வீசி அணைச்சிருக்கலாமே" என்றார். அவருக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான். மாமியார் பூஜை அறைக்குப் போய் விளக்கேற்றி, நான் அந்தப் பக்கம் வராதபடி கதவைச் சாத்திக்கொண்டார்.

விடுமுறை முடிந்து வேலைக்குப் போன மறுநாள் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். அறையில் மேனேஜரும் இருந்தார். வேலை போனது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"என்னம்மா, நாலு வருஷமா உன் குரலையே கேட்டதில்லை. கேஸ் இருக்குன்னு சொன்னியே, எந்த கேஸ்?" என்றார் முதலாளி.

"புக்குல இருக்கும் சார்" என்று மட்டும் சொன்னேன்.

"எந்த புக்?"

மேனேஜர் தயங்கித் தயங்கிப் போய் டிராயரைத் திறந்து எடுத்து வந்தார். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அப்படியே இருந்தது. முதலாளி பிரித்தார். முதல் பக்கத்திலேயே பேட்டரி படம், அதன் மேல் எரிகிற தீக்குச்சி, அதன் குறுக்கே சிவப்புக் கோடு. பக்கத்தில் ஒரு மனிதன் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிற படம். இங்கிலீஷ் தேவையே இல்லை.

முதலாளி அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். "அன்னைக்கு ஷட்டர் இறக்கியிருந்துச்சு இல்ல? நானும் உள்ளதான் நின்னேன்" என்றார்.

"அது வெறும் படம் சார். அவங்க ஊர்ல அப்டித்தான் எதுக்கெடுத்தாலும் படம் போடுவாங்க" என்றார் மேனேஜர்.

"அந்தப் பொண்ணை பெர்மனன்ட் பண்ணிடுங்க" என்றார் முதலாளி.

மேனேஜர் அசரவில்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. "பண்ணலாம் சார். ஆனா ஆளுங்க ஒத்துக்கணுமே. நேத்து ரெண்டு மிஷின்ல ஊசி ஒடைஞ்சது, இவ ஊதினதாலதான்றாங்க. இன்னைக்குக் காலைல ஒருத்திக்குப் பல் வலி, அதுக்கும் இவதான். அடுத்த வருஷம் பூஜைல இவ நின்னா பாதிப் பேர் வரமாட்டாங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். பாவம், அவர் எங்கள் பூஜையில் தலையிட முடியாதவர். கடைசியில் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். நான் பெர்மனன்ட். ஆனால் ஆயுத பூஜை அன்று கற்பூரம் காட்டுகிற நேரத்தில் கேட்டுக்கு வெளியே போய் நிற்க வேண்டும். இது எழுத்தில் இல்லை, வாய்மொழிதான். மேனேஜர் ஆர்டரை நீட்டியபோது, "இனிமேலாவது முன்கூட்டியே சொல்லும்மா" என்றார். நான் "சரி சார்" என்றேன்.

புத்தகத்தை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். தீக்குச்சிப் படத்தைப் பெரிதாக வரைந்து ஷெட் சுவரில் ஒட்டினேன். அடுத்த முறை வந்த வெளிநாட்டுக்காரர் அதைப் பார்த்து மேனேஜரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். புகழ் தனக்குத்தான் என்பது போல மேனேஜர் அந்தக் கையை விடவே இல்லை.

வண்டிக்கு ஷெட்டுக்குள் பூஜை செய்தால் ஆகாது, மைதானத்தில்தான் செய்ய வேண்டும் என்பது அதன்பின் கம்பெனியின் சம்பிரதாயம் ஆகிவிட்டது. ஏன் என்று கேட்டால் தொன்றுதொட்டு அப்படித்தான் என்றார்கள். மூடிகளுக்கு மஞ்சள் துணி கட்டி மூடுவதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

கம்பெனியை மூடுகிற வரைக்கும் ஒவ்வொரு வருடமும் நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது என்று சொன்னால் பொய். கூட்டம் இல்லை, தள்ளு முள்ளு இல்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே மணிச் சத்தமும் ஆடு தும்முகிற சத்தமும் மாறி மாறிக் கேட்கும். முடிந்ததும் டிரைவர் பொரிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுப்பார். கோபமெல்லாம் எப்போதோ ஆறிவிட்டிருந்தது.

ஒரு வருடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த செக்யூரிட்டி அவரிடம், "ஏன் சார், இவங்க பெர்மனன்ட்டுதானே, ஏன் வெளிய நிக்கறாங்க?" என்று கேட்டார்.

"அதுவா? அக்கா லேசுல வாயத் தொறக்காது" என்றார் டிரைவர். "தொறந்துச்சுன்னா ஊதிடும்."

செக்யூரிட்டி என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்துவிட்டு, பற்றவைக்க எடுத்த பீடியைப் பையிலேயே போட்டுக்கொண்டார்.